குழாயின் அடிப்பக்கம்

நிலையம் 7 – பணிக் குறிப்பேடு
எழுதுபவர்: எமல்டா மச்சாது, அரிப்புப் பொறியாளர்

3 பிப்ரவரி 2043, காலை 6:10

அழுத்தம் 112 பார். வாயுவின் வெப்பநிலை 29 டிகிரி. நீர், பத்து லட்சத்தில் 46 பங்கு, அனுமதி 50. கிழக்குக் காற்று, மெல்ல.

இந்தக் குறிப்பேடு யார் கைக்குப் போகும் என்று தெரியாததால் ஒருமுறை விளக்கிவிடுகிறேன். உள்நாட்டில் மூன்று ஆலைகளின் புகைபோக்கியில் பிடிக்கும் கரியமில வாயுவை அழுத்தித் திரவம்போல் ஆக்கி, ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் எஃகுக் குழாய் வழியாகக் கடலடிப் பாறைக்குள் அனுப்புகிறோம். நாற்பதாவது கிலோமீட்டரில், ஒரு செம்மண் மேட்டின்மேல் இந்த நிலையம். இங்கே நான் ஒருத்திதான். மேட்டுக்குக் கீழே உப்பளங்கள், அதற்கப்பால் கடல்.

சுத்தமான, உலர்ந்த கரியமில வாயு எஃகை ஒன்றும் செய்யாது. அந்த இரண்டு சொற்களுக்குக் காவல் இருப்பதுதான் என் வேலை.

தினமும் மாலையில் இந்தக் குறிப்பின் நகல் சென்னைத் தலைமையகத்துக்குப் போகும்.

5 பிப்ரவரி, காலை 11:25

துப்புரவுக் கருவி வந்து சேர்ந்தது. குழாய்க்குள் வாயுவின் அழுத்தத்திலேயே ஓடிச் சுவரை வழித்துக்கொண்டு வரும் உருளை அது. பொறியாளர்கள் அதைப் ‘பிக்’ என்பார்கள், பன்றி. இந்த முறை பெயருக்கேற்ற கோலத்தில் வெளியே வந்தது.

சேறு என்று சொன்னால் அது மரியாதை. கறுப்புக் கூழ். நடுநடுவே மஞ்சள் இழை. கரண்டியால் எடுத்தால் சளிபோல் நீள்கிறது. பதினொரு கிலோ. அழுகிய முட்டையும் அப்போதுதான் அணைந்த தீக்குச்சியும் சேர்ந்த நாற்றம் முகமூடிக்குள்ளும் வந்தது. வாளியைத் தூக்கும்போது ஒரு சொட்டு காலணிமேல் விழுந்தது. காலணியின் தோல் சுருங்கி வெளுத்துவிட்டது.

வாந்தி எடுத்தேன். இதை எழுத வேண்டியதில்லை. எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, மாலை 4:40

சோதனை முடிவு. கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம். மஞ்சள் இழை தனிக் கந்தகம். மீதிப் பெரும்பகுதி இரும்பு. இரும்பு என்றால் குழாய்தான். காலையில் வாளியில் நான் சுமந்துபோனது குழாயின் உட்சுவர்.

மூன்று ஆலைகளும் தத்தம் சான்றிதழில் சுத்தம். நீர், கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் தனித்தனியே அனுமதிக்குள்தான் இருக்கின்றன. ஒரே குழாய்க்குள் கலந்தபின் அவை ஒன்றையொன்று தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. கழித்தது குழாயின் அடிப்பக்கத்தில் வழிந்து நிற்கிறது. நவம்பரில் குப்பை எரிக்கும் ஆலையை மூன்றாவதாக இணைத்தோம். அதற்குமுன் பிக் தூசியோடுதான் வரும்.

மதியம் சாப்பிடவில்லை. ரசம் கறுப்பாகத் தெரிந்தது.

6 பிப்ரவரி, காலை 10:05

சென்னை அழைப்பு. பேசியவர் சேஷகிரி, குழாய்ப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். பதிவிலிருந்து:

“எமல்டா, ‘கூழ்’னு எழுதியிருக்கீங்க. அது டெக்னிக்கல் வார்த்தை இல்லையே. ‘திடப்பொருள் படிவு’னு மாத்திடுங்க.”

“அது திடப்பொருள் இல்ல சார். ஒழுகுது.”

“சரி, ‘ஈரப்பதமுள்ள திடப்பொருள் படிவு’. இப்ப ஓகேவா? அப்புறம் வாந்தி எடுத்ததெல்லாம் எதுக்கும்மா எழுதணும்? படிக்கிறவங்களுக்கு அருவருப்பா இருக்காதா?”

நகலில் மாற்றி அனுப்பினேன். இதில் மாற்றவில்லை. இன்றுமுதல் இது வேறு, நகல் வேறு.

14 பிப்ரவரி, காலை 7:30

வாசல் ஒலிபெருக்கியில் முத்துப்பேச்சி. உப்பளத்தில் வேலை செய்யும் இருபத்தாறு பெண்களுக்கும் அவர்தான் முன்னால் நிற்பவர். ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தினமும் இங்கே குடிதண்ணீர் பிடிக்க வருவார்.

“எம்மா, உங்க கம்பெனிக்குள்ள எதும் செத்துக் கெடக்கா? நாத்தம் தாங்கல. கஞ்சிய வாயில வைக்க முடியல. பிள்ளையளெல்லாம் ஓங்கரிக்குதுவ.”

“குழாய்க்குள்ள அழுக்கு சேர்ந்திருக்கு. சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கேன்.”

“சொல்லியிருக்கீய, சரி. செஞ்சாவளா?”

அழுத்தம் கூடும்போது கொஞ்சம் வாயுவை வெளியேற்றும் போக்கி அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. புகாரைச் சென்னைக்கு அனுப்பினேன்.

18 பிப்ரவரி, மதியம் 2:15

புகாருக்குப் பதில் லாரியில் வந்தது. இரண்டு பீப்பாய் எலுமிச்சை வாசனைத் திரவம், தெளிக்க ஒரு மோட்டார். போக்கியின் வாயில் பொருத்திவிட்டுப் போனார்கள். கக்கூஸைக் கழுவாமல் ஊதுபத்தி ஏற்றிய மாதிரி.

முத்துப்பேச்சி: “இப்ப எலுமிச்சம்பழம் அழுகுனாப்புல இருக்கும்மா.”

சென்னை: “புகார் தீர்க்கப்பட்டது.”

கரியமில வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இந்த வாயுவில் மனிதர்களுக்கு உதவியாக இருந்த ஒரே பொருள் அந்த நாற்றம்தான். அதைத்தான் முதலில் மறைத்திருக்கிறார்கள்.

27 பிப்ரவரி, மாலை 5:50

சுவரின் கனத்தை அளக்கும் கருவி ஓடி முடித்தது. குழாய் புதிதாக இருந்தபோது கனம் 12.7 மில்லிமீட்டர். ஐம்பத்திரண்டு கிலோமீட்டரில் பத்து இடங்களில் ஆபத்தான அரிப்பு. மோசமானது 41.3ஆவது கிலோமீட்டரில். குழாய் மேட்டிலிருந்து இறங்கி உப்பளத்தை ஒட்டிப் போகும் தாழ்விடம் அது. அடிப்பக்கத்தில், நீளவாக்கில், பதினெட்டு மீட்டருக்கு ஒரு வாய்க்கால். மிச்சக் கனம் 4.9.

நவம்பரிலிருந்து கணக்கிட்டால் மாதம் இரண்டு மில்லிமீட்டர் போகிறது. மார்ச் முடிவதற்குள் கிழியும். உடனே நிறுத்தச் சொல்லி எழுதினேன். ‘உடனே’ என்ற சொல்லை மூன்று இடங்களில் போட்டேன்.

2 மார்ச், பகல் 1:10

கையெழுத்திட்டேன்.

காரணம் எழுத வேண்டும். இந்த ஆண்டுக்கான வாயுச் சேமிப்பு இலக்கு மார்ச் 31இல் முடிகிறது. அதுவரை ஓட்டிவிட்டு ஏப்ரலில் திறந்து பார்க்கலாம் என்றார்கள். ‘31 மார்ச் வரை இயக்கத் தகுதியுடையது’ என்ற சான்றில் அரிப்புப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். சென்னையிலிருந்து வந்த அழைப்பு ஒரு மணி ஐம்பது நிமிடம் நீடித்தது. எதிரே ஆறு பேர். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. மிரட்டவில்லை. ஒருவர் மட்டும், பெயர் தெரியாது, முழு நேரமும் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். ஒலிவாங்கியை அணைக்கவில்லை. நான் ‘கிழியும்’ என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கடி.

அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகவே கையெழுத்திட்டேன் போலிருக்கிறது. இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கையை மூன்று முறை கழுவினேன். கூழைத் தொட்ட நாளில்கூட இரண்டு முறைதான்.

3 மார்ச், காலை 7:20

வாசல் பதிவு.

“முத்துப்பேச்சி, ஒண்ணு சொல்றேன், எல்லாருக்கும் சொல்லிடுங்க. பெரிய சத்தம் கேட்டா ஓடக்கூடாது. குவிச்சு வச்சிருக்கிற உப்பு அம்பாரத்துமேல ஏறிடணும். வெள்ளையா, புகை மாதிரி, தரையோட வரும். உள்ள மாட்டினா மூச்சு நின்னுடும். மூணு ஆள் உயரத்துல நின்னா தப்பிச்சிடலாம்.”

“அம்பாரத்துல ஏறுனா கங்காணி ஏசுவாரும்மா. உப்பு அழுக்காயிரும்பாரு.”

“ஏசட்டும்.”

“அது சரி. நீங்க இங்கனயே இருக்கியளே, உங்களால இத நிப்பாட்ட முடியாதா?”

ஒலிபெருக்கியை அணைத்தேன்.

11 மார்ச், காலை 9:00

நிலையத்தின் தடுப்பு வால்வை இங்கிருந்தே கணினி வழியாக மூட முயன்றேன். அனுமதி கேட்கவில்லை. கால்பங்குகூட நகரவில்லை, தண்டு இறுகியிருக்கிறது. பத்து நிமிடத்தில் சேஷகிரி அழைத்தார். என் கணினி அனுமதி பறிக்கப்பட்டது. “நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க, ஏப்ரல்ல லீவ் எடுத்துக்குங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

19 மார்ச், காலை 9:42

குரல்பதிவு. பிறகு நானே எழுத்தாக்கியது.

சத்தம். விமானத்தைத் தரையில் நிறுத்தி எஞ்சினை முறுக்கினால் வருவது போல. நிற்கவில்லை. உப்பளத்து ஓரம் மண் தென்னை உயரத்துக்கு எழும்புகிறது. அழுத்தம் 112, 90, 81. வெள்ளை. தரையோடு தரையாக. காற்றே இல்லை.

9:44

என் அனுமதியைப் பறித்ததால் வால்வுக்கு மின்சார உத்தரவு போகவில்லை. கைச்சக்கரத்தால் மூட வேண்டும். நூற்று நாற்பது சுற்று.

சென்னைக் கட்டுப்பாட்டு அறை: “நிலையம் ஏழு, உங்க சென்சார் தப்பா காட்டுது. ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க.”

“சென்சார் இல்ல. குழாய் கிழிஞ்சிருச்சு. ஆலைகளை நிறுத்துங்க!”

“சேஷகிரி சார் மீட்டிங்ல இருக்காரு மேடம். அவர் சொல்லாம நிறுத்த முடியாது.”

9:47

சுற்று 19. போன் சட்டைப் பையில், ஒலிபெருக்கியில். முத்துப்பேச்சி.

“எம்மா, ஏறிட்டோம். பத்தொம்பது பேரு மேல இருக்கோம். மத்தவளுவ தூரத்துப் பாத்தியில நிக்காளுவ. கூப்பிடுதேன், சத்தத்துல கேக்கல. டிராக்டரு நின்னுபோச்சு. டிரைவரு சாவியத் திருகிட்டே இருக்கான்.”

“எஞ்சின் ஓடாது. காத்து இல்ல. அவரையும் ஏறச் சொல்லுங்க. நீங்க இறங்காதீங்க.”

“சரிம்மா.”

9:53

சுற்று 48. தண்டில் கூழ் கசிகிறது. கையுறை வழுக்குகிறது.

“தூரத்துலருந்து ஓடியாந்த ரெஜினா ஒக்காந்துட்டா. அந்தா, பக்கத்துலதான். நெத்தியப் பிடிச்சிட்டு அப்படியே ஒக்காந்துட்டா.”

“முத்துப்பேச்சி, வேண்டாம்.”

“நாலு எட்டும்மா. போயிட்டு வந்திருவேன்.”

9:56

சுற்று 63. நிலையத்தில் மூச்சுக்கருவி ஒன்று இருக்கிறது. முப்பது நிமிடக் காற்று. இப்போது இறங்கினால் ஒருத்தியை, முடிந்தால் இருவரைத் தூக்கலாம். சக்கரத்தை விட்டால் வாயு ஏறி அம்பாரத்தையும் மூடும். மேலே பதினெட்டுப் பேர்.

சுற்றுகிறேன்.

9:59

“எம்மா… வாயெல்லாம் புளிக்கி. இவ கனக்கா…”

“மேல பாருங்க. உப்பைப் பாருங்க. ஏறுங்க.”

“ஏறுதேன்… எதுக்கு ஏறணும்? நீங்க என்னமோ சொன்னீய… மறந்துபோச்சு.”

“ஏறுங்க, ஏறுங்க!”

“குளிருதும்மா.”

பிறகு குரல் இல்லை. அழைப்பு துண்டிக்கப்படவும் இல்லை.

10:11

சுற்று 140. வால்வு மூடியது. சத்தம் குறைகிறது. மூச்சுக்கருவியோடு இறங்குகிறேன்.

19 மார்ச், பகல் 1:15

உயிரோடு: இருபது பெண்கள். அம்பாரத்தின்மேல் பதினெட்டுப் பேர். ரெஜினா. கடைசிப் பாத்தியிலிருந்து நான் இழுத்து வந்த ஒருத்தி, பெயர் இன்னும் தெரியாது.

இறந்தவர்கள்: ஆறு பெண்கள், டிராக்டர் டிரைவர்.

ரெஜினா அம்பாரத்தின் சரிவில், வெள்ளைக்கு ஒரு சாண் மேலே கிடந்தாள். அவளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றியிருக்கிறார் முத்துப்பேச்சி. அவர் சரிவின் அடியில் கிடந்தார். இரண்டு பூட்ஸும் உப்புக்குள் புதைந்திருந்தன. கிழிந்த குழாயைச் சுற்றி நூறு அடிக்குத் தரை வெள்ளை. அது உப்பில்லை, உறைந்த வாயு.

கட்டுப்பாட்டு அறை ஆலைகளை நிறுத்தியது 10:26க்கு.

20 மார்ச், காலை 11:00

சேஷகிரி நேரில் வந்தார், கையில் மலர்வளையத்தோடு. காரிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. பெண்களின் வீட்டார் எதிரே நிற்கும்போதும் எடுக்கவில்லை.

என்னிடம் மட்டும் தனியாக: “சான்றுல உங்க கையெழுத்துதான் இருக்கு எமல்டா. நான் உங்களுக்காகத்தான் கவலைப்படுறேன்.”

“ஆமா சார். என் கையெழுத்துதான். விசாரணையில நானே சொல்லிடுவேன். பிப்ரவரி 27ஆம் தேதி அறிக்கையையும் கொடுத்துடுவேன்.”

கைக்குட்டையை அப்போதுதான் எடுத்தார். வாசனை பிடித்தவர்போல் என்னைப் பார்த்தார்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் அதைச் சொல்லவில்லை. வீட்டார் வரிசையில் ரெஜினா நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் சரி. எனக்கும் இந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

1 ஏப்ரல், மாலை 3:30

பணிநீக்கக் கடிதம் வந்தது. நிலையச் சாவியை ஒப்படைத்தேன். இந்தக் குறிப்பேட்டை ஒப்படைக்கவில்லை.

விசாரணைக்குழு என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டது. அறிக்கை வர ஆறு மாதம் ஆகுமாம். அதற்கிடையே கிழிந்த இடத்தில் நாற்பது மீட்டர் குழாயை வெட்டிப் புதிது வைத்துவிட்டார்கள். பளபளவென்று இருக்கிறது, அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 6 காலையிலிருந்து மறுபடி வாயு ஏற்றப்போகிறார்கள். புதிய ஆண்டு, புதிய இலக்கு. அதே மூன்று ஆலைகள்.

பத்து இடங்களில் ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஒன்பது இருக்கின்றன. கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள். இரண்டு பத்திரிகைக்காரர்களிடம் பேசினேன். என் கையெழுத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஒன்பதில் நான்கு இடங்களில் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். தங்கையின் ஸ்கூட்டரைக் கேட்டிருக்கிறேன், ஐந்தாம் தேதி இரவுதான் கைக்கு வரும்.

6 ஏப்ரல், காலை 7:40. கி.மீ. 33

பிப்ரவரி அளவிலிருந்து அதன்பின் மார்ச் 19 வரை அரித்ததைக் கழித்தால் மிச்சக் கனம் 6.2. பஸ் நிறுத்தம், டீக்கடை, பன்னிரண்டு வீடு. குடிநீர்த் தொட்டிக்கு ஏணி இருக்கிறது. டீக்கடைக்காரர் முழுவதும் கேட்டார். “சத்தம் கேட்டா தொட்டி. அவ்வளவுதானே? ஞாபகம் வச்சுக்கிறேன். டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்தேன். பல நாளுக்குப் பிறகு ஒன்று உள்ளே தங்கியது.

காலை 8:50. கி.மீ. 26

5.8. பள்ளிவாசலுக்கு மாடி உண்டு. மோதினார் படியின் அகலத்தை என் எதிரிலேயே சாண் வைத்து அளந்தார். “ஊரு மொத்தமும் நிக்கலாம். யாரா இருந்தாலும் வரச் சொல்லுங்க” என்றார்.

காலை 10:05. கி.மீ. 17

5.1. ஆரம்பப் பள்ளி. மொட்டைமாடிக் கதவில் பூட்டு. பிள்ளைகள் ஏறி விழுந்துவிடுவார்கள் என்ற பயம். தலைமையாசிரியை யோசித்தார். பிறகு பூட்டையே கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “இனிமே நான் படியிலயே ஒரு ஆளை உக்கார வைக்கிறேன்.”

பகல் 11:35. கி.மீ. 9

4.1. நான்கில் மோசமானது இது, நான் வந்த வழியில் கடைசி.

கைவிட்ட கல்குவாரி. குழிக்குள் இறங்கி அடித்தரையில் பதினொரு வீடு கட்டியிருக்கிறார்கள். கல்லுடைக்க வந்தவர்கள், குவாரி மூடியபின் போக இடமில்லாதவர்கள். அறுபது அடி ஆழம். சுவர்போல் செங்குத்துப் பாறை. வெளியே வர ஒரே வழி லாரிச் சரிவு. குழாய் அந்தச் சரிவின் உச்சியைக் குறுக்கே கடந்துதான் போகிறது.

உச்சியில் குழாயின்மேல் ஓர் அழுத்த அளவி இருக்கிறது. நான் இறங்கும்போது 97. உப்பளத்தில் கிழிந்தபோது 112.

முதல் வீட்டில் சந்தனமாரி. இடுப்பில் கைக்குழந்தை. சொன்னதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“உசரமா ஏறணும்ங்கீய. எங்கம்மா ஏற?”

நானும் பார்த்தேன். கூரைகள் ஓலை. மரம் ஒன்றுகூட இல்லை. இங்கே ஏறி நிற்க எதுவுமே இல்லை.

பகல் 12:05

இனிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. வெளியே கூட்டிப்போக வேண்டும். சந்தனமாரி முதலில் புறப்பட்டாள். வேறு மூன்று வீட்டார் அவளைப் பார்த்துப் புறப்பட்டார்கள். ஒரு கிழவரைச் சரிவு முழுக்க முதுகில் சுமந்தேன். மேலே, குழாயைத் தாண்டி, பாலத்து மேட்டில் பதினான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அளவி 104.

12:22

மறுபடி கீழே. எழுத நேரமில்லை, போனில் பேசிப் பதிகிறேன். மீதி ஏழு வீடு. யாரும் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உலை கொதிக்கிறது, சோறு வடித்துவிட்டு வருகிறோம் என்கிறார்கள். ஒரு வீட்டில் எனக்கும் தட்டு வைத்துவிட்டார்கள். இரண்டு அடுப்பை நானே அணைத்தேன். திட்டிக்கொண்டே கிளம்புகிறார்கள். திட்டட்டும்.

12:31

ஐந்து வீடு பாக்கி. மேலிருந்து சந்தனமாரி அளவியைப் படித்துக் கத்துகிறாள். நூத்தி ஒம்போது என்கிறாள்.

12:34

நூற்றுப் பதினொன்று. மூன்று வீடு. நடு வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, குழந்தை அழும் சத்தம் கேட்கிறது, தட்டிக்கொண்டே